கண்ணை ஏமாற்றிய ஓவியர்கள்

பழைய மரக்கதவொன்றில் வயலின் ஒன்று தொங்குகின்றது. எடுத்து வாசிக்கலாம் என்று கை நீட்டினால் விரலில் தட்டுப்படுவது ஓவியத் துணியே! 1886 ஆம் ஆண்டு அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் நடைபெற்ற தொழிற்கண்காட்சியில் இக்காட்சி அரங்கேறியது. தொட்டுப் பார்க்க முனைந்தோரைத் தடுக்கக் காவலர் ஒருவரையே நிறுத்த வேண்டியதாயிற்று. 'பழைய வயலின்' என்னும் அவ்வோவியத்தைத் தீட்டியவர் வில்லியம் ஹார்னெட் (1848–1892). அது இன்று வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது.

இத்தகைய ஓவியத்தைப் பிரெஞ்சு மொழியில் 'துரோம்ப் லொய்' என்பர். கண்ணை ஏமாற்றுதல் என்பது அதன் பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கலை அமெரிக்காவில் சிறந்து விளங்கியது.

கண் எவ்வாறு ஏமாறுகின்றது? நம் இரு கண்களும் ஒரு பொருளைச் சற்றே வேறுபட்ட கோணங்களிற் காண்கின்றன. ஆழம் மிகுந்த காட்சியை வரைந்தால், தலையைச் சிறிது அசைத்ததும் அது தட்டையான படமே என்பது புலப்பட்டுவிடும். ஆகவே இவ்வோவியர்கள் ஆழம் குறைந்த காட்சிகளையே தேர்ந்தனர். கதவில் தொங்கும் பொருள்கள், பலகையில் செருகிய கடிதங்கள், பணத்தாள்கள் ஆகியவற்றை உண்மையான அளவிலேயே வரைந்தனர். தூரிகைத் தடத்தை மறைத்து, ஒவ்வொரு பொருளுக்கும் உரிய நிழலைப் பிசகாமல் தீட்டினர்.

ஜான் ஹேபர்லி என்பவர் பணத்தாள் வரைவதில் வல்லவர். 1889 இல் சிகாகோவில் வைக்கப்பட்ட அவரது ஓவியத்தைக் கண்ட விமர்சகர் ஒருவர், உண்மையான பணத்தாளையே ஒட்டி ஏமாற்றியிருப்பதாகப் பத்திரிகையில் எழுதினார். தம் நேர்மைக்கு இழுக்கு நேர்ந்ததென்று ஹேபர்லி சிகாகோவுக்கே விரைந்தார். வல்லுநர்கள் உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஆராய்ந்தனர். வண்ணத்தைத் தேய்த்தும் பார்த்தனர். அனைத்தும் தீட்டப்பட்டதே என்பது உறுதியாயிற்று. விமர்சகரும் தம் தவற்றை ஒப்புக்கொண்டார்.

ஆனால் ஜான் பீட்டோவின் (1854–1907) வரலாறு நம் நெஞ்சைத் தொடுவதாகும். கிழிந்த நூல்கள், பழைய விளக்குகள், தேய்ந்த குவளைகள் என்று பிறர் ஒதுக்கிய பொருள்களையே அவர் அன்புடன் வரைந்தார். நியூ ஜெர்சியில் ஐலண்ட் ஹைட்ஸ் என்னும் சிற்றூரில் வாழ்ந்த அவரைக் கலையுலகம் அறியாமலே இருந்தது. அவருடைய ஓவியங்கள் பலவற்றில் ஹார்னெட்டின் பெயரைப் பொய்யாக எழுதி விற்றனர். பீட்டோவின் பெயரே மறைந்துபோயிற்று.

1940 களின் இறுதியில் ஆல்பிரட் பிராங்கன்ஸ்டைன் என்னும் கலை விமர்சகர் உண்மையை வெளிக்கொணர்ந்தார். ஹார்னெட்டுடையவை எனப்பட்ட ஓவியங்கள் சிலவற்றில் ஒளி மென்மையாகப் படர்ந்திருப்பதையும், வண்ணம் இடப்பட்ட முறை வேறாக இருப்பதையும் அவர் உணர்ந்தார். பீட்டோ வாழ்ந்த வீட்டிற்குச் சென்றபோது, அந்த ஓவியங்களில் இடம்பெற்ற பொருள்களே அங்கு இருந்தன! பல்லாண்டுகளுக்குப் பின் பீட்டோவின் படைப்புகள் அவர் பெயருக்கே மீண்டன.

'இது வெறும் நகல். கலையன்று' என்று அக்கால அறிஞர் சிலர் இவ்வோவியங்களை இகழ்ந்தனர். எனினும் பழங்குவளையொன்றைக் கூர்ந்து நோக்கச் செய்வதும் கலையின் பணியன்றோ? கூர்ந்து நோக்கிய ஒருவராலேயே பீட்டோவின் பெயரும் மீட்கப்பட்டது.

மாணவச் செல்வங்களே! இன்று மாலை உங்கள் மேசையிலுள்ள பழைய பென்சிலை எடுத்து, அதன் நிழலுடன் வரைந்து பாருங்கள். நாள்தோறும் கண்டும் காணாதிருந்தவை எத்தனை என்பது அப்போது விளங்கும்.