மாணவர் சங்கத்துக்கு இதில் என்ன வேலை?

"படிக்க வந்த பிள்ளைகளுக்குக் கருக்கலைப்பைப் பற்றி என்ன பேச்சு?" என்று கேட்டார்கள், அயர்லாந்திலே. கேட்டதோடு நின்றார்களா? இல்லை, தோழர்களே! 1989ல் மாணவர் தலைவர்களை நீதிமன்றத்துக்கே இழுத்தார்கள். என்ன குற்றம்? கொலையா, கொள்ளையா? கருக்கலைப்பு செய்யும் இங்கிலாந்து மருத்துவ நிலையங்களின் முகவரியை மாணவர் கையேட்டிலே அச்சிட்டார்கள், அவ்வளவுதான்!

கருவின் உயிருக்கும் தாயின் உயிருக்கும் சம உரிமை என்று 1983ல் அரசியல் சட்டத்தைத் திருத்திய நாடு அது. திருத்தம் வந்தது; பெண்கள் கடல் கடந்து இங்கிலாந்து போவது நின்றதா? முகவரியை மறைத்தால் துயரம் மறையுமா? மாணவருக்காக வாதாடிய மேரி ராபின்சன், 1990ல் அந்நாட்டின் குடியரசுத் தலைவராகவே தேர்ந்தெடுக்கப்பட்டார். ஐரோப்பிய நீதிமன்றம் 1991ல் மாணவருக்குக் கைகொடுக்கவில்லை. கைகொடுத்தவர்கள் மக்கள்! தகவல் பெறும் உரிமையை 1992ல் வாக்களித்து வழங்கினார்கள். ஆனாலும் 1995ல் வந்த சட்டம், அச்சிடுவதற்குக் கட்டுப்பாடுகளை வைத்தது.

டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரி மாணவர் சங்கம், பெண்ணின் முடிவே முடிவு என்ற நிலையை 2013ல் வாக்கெடுத்து ஏற்றது. நடுநிலைக்குத் திரும்புவோம் என்ற கோரிக்கையை 2016ல் வாக்கெடுத்தே தள்ளியது. மறு ஆண்டு, சங்கத் தலைவி அந்தத் தகவலைக் கையேட்டிலிருந்து நீக்கினார். சட்டம் தடுக்கிறது என்றார். அச்சத்துக்குக் காரணம் இருந்தது, மெய்தான். ஆனால், உறுப்பினரைக் கேட்டாரா? கேட்காத தலைமையை 2017 அக்டோபரில் வாக்களித்தே இறக்கினார்கள்.

எதிர்த்து வாக்களித்த மாணவரும் உறுப்பினர்தான். அவர் வாயை அடைக்க எவருக்கும் உரிமையில்லை. மேடை ஏறட்டும், மீண்டும் வாக்குக் கேட்கட்டும்!