மறுபடியும் முதலிலிருந்து – 9: 50 பைசா போணி

சென்ற வாரம் எழுதியதைப் படித்துவிட்டுப் பக்கத்துத் தெரு அக்கா கேட்டார்: "கடை போட தைரியம் வேணும்னு எல்லாரும்தான் சொல்றீங்க. அது எங்கப்பா கிடைக்கும்?" கணவர் இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. மாவு அரைத்து விற்கலாம் என்று கிரைண்டர் வாங்கி மூன்று மாதமாகிவிட்டது. 'இட்லி மாவு கிடைக்கும்' என்று மகள் எழுதிக் கொடுத்த அட்டை மட்டும் கதவுக்குப் பின்னால், எழுத்து சுவரைப் பார்த்தபடி நிற்கிறது.

அவருக்கு நான் பாட்ரீசியா நாராயண் கதையைச் சொன்னேன். வீட்டை மீறிச் சின்ன வயதிலேயே காதல் கல்யாணம். கணவர் போதைக்கு அடிமையாகிவிட, இரண்டு குழந்தைகளோடு பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தார். தெரிந்தது சமையல். ஊறுகாய், ஜாம், ஸ்குவாஷ் போட்டார். ஆனால் அவற்றை விற்றது அவர் அம்மா. தன் அலுவலகத்துக்குக் கொண்டுபோனார், ஒரே நாளில் தீர்ந்தது.

பலரும் இந்த இடத்தை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. வாழ்க்கையில் அடிபட்டு வந்தவருக்குத் தன் முடிவுகள் மேலேயே சந்தேகம் இருக்கும். ஒரு பொருளுக்கு விலை சொல்லக்கூட வாய் எழாது. அந்த முதல் விலையை அவருக்காக இன்னொருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்தது தள்ளுவண்டி. மாற்றுத்திறனாளிகளுக்குப் பள்ளி நடத்திய மருத்துவர் ஒருவர் அதைக் கொடுத்தார். அங்கே படித்த இரண்டு பேரை வேலைக்கு வைத்து, டீ, காபி போடக் கற்றுத்தர வேண்டும் என்பது நிபந்தனை. தொழிலுக்கே புதியவர், இன்னும் இரண்டு பேருக்கு வாத்தியார்! எனக்கென்னவோ அந்தச் சுமைதான் அவரைத் தாங்கிப் பிடித்திருக்கும் என்று தோன்றுகிறது. நம்மை நம்பி இரண்டு பேர் நிற்கும்போது நம் பயத்துக்கு ஏது நேரம்? மெரினாவில் அண்ணா சதுக்கம் பக்கம் வண்டி நிறுத்த அனுமதி வாங்கவே ஒரு வருடம் அலைந்தார்.

1982 ஜூன் 21. வண்டியில் கட்லெட், சமோசா, ஜூஸ், காபி, டீ. அன்றைக்கு விற்றது ஒரே ஒரு காபி. 50 பைசா. வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறார். ஒன்றாவது விற்றதே, அதுவே நல்ல அறிகுறி, நாளைக்கு இன்னும் விற்கும் என்று அம்மா தேற்றியிருக்கிறார்.

நம் ஊர்க் கடைக்காரர்கள் முதல் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கல்லாவில் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். போணியில் யாரும் லாபம் பார்ப்பதில்லை. அந்த 50 பைசாவை நாள் முழுக்க நடந்த வியாபாரமாகப் பார்த்தார் மகள். போணியாகப் பார்த்தார் தாய். மறுநாள் 600, 700 ரூபாய்க்கு விற்றது.

பிறகு வேகம்தான். கடற்கரைக்கு நடக்க வந்த அதிகாரி ஒருவர் மூலம் குடிசை மாற்று வாரியத்தில் கேன்டீன், அதன் பின் வங்கியில், துறைமுக மேலாண்மைக் கல்வி நிறுவனத்தில் என்று வளர்ந்தார். 2004-இல் மகளும் மருமகனும் சாலை விபத்தில் இறந்தார்கள். கல்யாணமாகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த இடியில் ஒடுங்கிப்போனவர், 2006-இல் மகனோடு சேர்ந்து 'சந்தீபா' உணவகத்தைத் தொடங்கினார். 2010-இல் 'ஃபிக்கி' அமைப்பின் விருது வந்தது. அந்த இரண்டாவது தொடக்கத்தைத்தான் நான் பெரிதும் மதிக்கிறேன். மெரினாவில் பிழைக்க வேண்டிய கட்டாயம் இருந்தது. 2006-இல் அது இல்லை.

இன்றைக்குத் தெருவோர வியாபாரிகளுக்கு 2014-இல் வந்த சட்டம் இருக்கிறது. 2020-இல் அவர்களுக்கான கடன் திட்டம் முதல் தவணை 10,000 ரூபாயோடு தொடங்கியது. இவற்றை அக்காவிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் தலையாட்டினாரே தவிர, மனசு வீட்டிலிருந்த அந்த அட்டையிலேயே இருந்தது.

உள்ளே கேட்டுக்கொண்டிருந்த என் அம்மா வெளியே வந்து, "வெள்ளிக்கிழமை எங்க விளக்கு பூஜைக்கு இருபது பேர் வருவாங்க. ஆறு பாக்கெட் போட்டுக் கொடு, நான் எடுத்துட்டுப் போறேன்" என்றார்.

"எவ்வளவுன்னு சொல்லட்டும்மா?" என்றார் அக்கா.

"நீ ஏன் சொல்ற? நான் சொல்லிக்கிறேன்."