கதவுக்குக் கீழே ஓர் ஐந்தடி

ஆலங்காயம் பக்கத்து வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா வாங்கிய மாருதி 800 இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. காவலூர் வழியாக ஜமுனாமரத்தூருக்கு வாரம் ஒருமுறை மலையேறி இறங்கும் வண்டி. அதற்கு, கதவுக்குக் கீழே பொருத்தும் சைடு ஸ்கர்ட் போட வேண்டும் என்பது மகனின் ஆசை. கடைகளில் கிடைப்பதெல்லாம் புதுக் கார்களுக்கானவை. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன வண்டிக்கு யார் செய்து தருவார்கள் என்று கேட்கிறார்.

எங்கும் தேட வேண்டாம். நல்ல ஃபைபர் (கண்ணாடி இழை) வேலை தெரிந்த பட்டறையே போதும்.

ஸ்கர்ட் அழகுக்காகப் பிறந்த பொருள் அல்ல. 1977-இல் காலின் சாப்மனின் லோட்டஸ் ஃபார்முலா ஒன் அணி, காரின் வயிற்றுப் பகுதியைக் கவிழ்த்த விமான இறக்கை போல வடிவமைத்தது. அடியில் விரைந்தோடும் காற்றின் அழுத்தம் குறைய, கார் சாலையோடு ஒட்டிக்கொண்டது. பக்கவாட்டிலிருந்து வெளிக்காற்று உள்ளே புகுந்தால் அந்த உறிஞ்சல் போய்விடும். அதைத் தடுக்கத்தான் தரையைத் தொடும் தடுப்புகளை வைத்தார்கள். அடுத்த ஆண்டே அந்த அணியின் மரியோ ஆண்ட்ரெட்டி உலகப் பட்டம் வென்றார். வளைவில் வேகம் அபாயகரமாக ஏறியதால் 1981-இல் நகரும் ஸ்கர்ட்டுகளுக்குத் தடை வந்தது; 1983-இல் காரின் அடிப்பாகமே தட்டையாக இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரில் ஏறும் வண்டிக்கு இந்தப் பலன் எதுவும் கிடைக்காது. அங்கே ஸ்கர்ட் தருவது தோற்றம். கொஞ்சம் சேறு தெறிக்காமலும் காக்கும்.

ஃபைபர் உடல் நமக்குப் புதிதல்ல. பெங்களூரின் சிபானி நிறுவனம் 1980-களில் விற்ற டால்ஃபின் காரின் பாடி முழுக்க ஃபைபர்தான். கோயம்புத்தூரில் எஸ். கரிவரதன் இதே மாருதி 800 என்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். அவற்றின் மேலுடலும் ஃபைபரே. வாசகரின் காரில் ஓடும் என்ஜின்தான் பந்தயத் தடங்களிலும் உறுமியது.

மாருதி 800-இன் இரு சக்கர மையங்களுக்கு இடையே 2,175 மில்லிமீட்டர். டயர்களையும் வளைவுகளையும் கழித்தால் ஸ்கர்ட்டுக்கு மிஞ்சுவது ஏறத்தாழ ஐந்தடி. இந்த ஐந்தடிக்கு முதலில் ஒரு மாதிரி செய்ய வேண்டும். புதிதாக இறங்குபவர்கள் தெர்மோகோலைச் செதுக்கி அதன்மேல் நேராக பாலியெஸ்டர் ரெசினைத் தடவுவார்கள். கண்ணெதிரே தெர்மோகோல் குழைந்து கரைந்து காணாமல் போகும். ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் அதைக் கரைத்துவிடும். தெர்மோகோலும் ஸ்டைரீனிலிருந்து பிறந்ததுதானே! அதனால் அனுபவசாலிகள் செதுக்கிய வடிவத்தின்மேல் பி.ஓ.பி. பூசி, பட்டி வைத்துத் தேய்த்து, பெயின்ட் அடித்து மெருகேற்றிய பிறகே ரெசின் டப்பாவைத் திறப்பார்கள்.

அந்த மாதிரியின்மேல் அச்சு எடுத்து, அச்சுக்குள் ஸ்கர்ட்டை வார்க்க வேண்டும். இட்லித் தட்டில் துணி போடுவதும், கொழுக்கட்டை அச்சில் எண்ணெய் தடவுவதும் எதற்காகவோ அதற்காகத்தான் இங்கே மெழுகு. ஒருமுறை தடவினால் போதாது. நான்கைந்து முறை பூசித் துடைக்க வேண்டும். வடிவமும் ஒத்துழைக்க வேண்டும். வாய் அகன்று அடி குறுகிய வாளிகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி, எளிதாக உருவலாம். குடத்தை அப்படி உருவ முடியாது. ஸ்கர்ட்டின் மடிப்புகளும் வாளி போலச் சரிந்திருக்க வேண்டும். எங்காவது உட்குழிந்தால் அச்சை உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

மெழுகுக்கு மேல் ஜெல்கோட், அது பிசுபிசுப்பாக இறுகியதும் கண்ணாடி இழை மேட், அதன்மேல் ரெசின், காற்றுக்குமிழியை வெளியேற்ற ரோலர். ஹார்ட்னர் ரெசினின் எடையில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்குதான். மார்கழிக் குளிரில் மலைமேல் இறுகத் தாமதமாகும். அவசரப்பட்டு ஹார்ட்னரைக் கூட்டக் கூடாது. ரெசின் விரைவாக இறுகச் சேர்க்கும் கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்கக் கூடாது, வெடிக்கும். கோபால்ட் ரெசினில் முழுதும் கலந்த பிறகே ஹார்ட்னர். கண்ணாடித் தூசியும் ஸ்டைரீன் ஆவியும் நிறைந்த அறையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு பையன்கள் வேலை செய்வது பல பட்டறைகளில் சகஜம். அது மாற வேண்டும். வேலை கொடுப்பவர் தரமான முகக்கவசமும் கையுறையும் கேட்டு வாங்கிக் கொடுத்தால் கூலி அதிகம் ஏறிவிடாது.

பொருத்தும்போது ஒரு நுணுக்கம் உண்டு. வெயிலில் ஃபைபர், இரும்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு நீளும். எல்லா ஸ்க்ரூவையும் இறுக்கினால் ஸ்கர்ட் அலை அலையாக நெளியும், இல்லையேல் ஓரத்தில் விரிசல் விடும். நடு ஸ்க்ரூவை மட்டும் இறுக்கி, மற்ற துளைகளை நீளவாக்கில் அறுப்பதே சரி.

மாருதி 800 போன்ற கார்களின் பலத்தில் முக்கியப் பங்கு கதவுக்குக் கீழே ஓடும் சில் என்ற பெட்டித் தகட்டுக்கு உண்டு. உள்ளே புகும் மழைநீர் வடிய அதன் அடியில் சிறு துளைகள் உண்டு. ஸ்கர்ட் ஒட்டும் அவசரத்தில் சீலன்ட்டை அப்பி அவற்றை அடைத்துவிடுகிறார்கள். தண்ணீர் தேங்கி, துரு உள்ளிருந்தே தின்னும்; வெளியே பளபளக்கும் ஃபைபர் அதை மறைத்துவிடும். ஜாக்கி வைக்கும் இடத்தில் தகடு பொத்தென்று உள்ளே போகும்போதுதான் விஷயம் தெரியவரும். துருவை மறைக்க ஸ்கர்ட் போடுவது அந்தக் காருக்குச் செய்யும் துரோகம்.

ஸ்கர்ட்டின் கீழ்விளிம்பு, சில்லின் உயரத்துக்குக் கீழே அதிகம் இறங்க வேண்டாம். மலைப்பாதை மேட்டில் முதலில் தட்டுவது இரு சக்கரங்களுக்கு நடுவில் உள்ள இடமே. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. அதனால் வேலைக்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆலங்காயம் நண்பருக்கு ஒரு வேண்டுகோள். அச்சு எடுக்கும் முன் ஒரு டிங்கரிடம் வண்டியைக் காட்டி, சில்லைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். துரு இருந்தால் வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, துளைகளைத் திறந்துவிடுங்கள். ஸ்கர்ட்டை அடுத்த மாதம் போட்டுக்கொள்ளலாம்.