முதியோருக்கும் சுய உதவிக் குழு உண்டா? சந்தேகங்களும் விளக்கங்களும்

1989-ல் தருமபுரியில் தொடங்கிய நாளிலிருந்தே சுய உதவிக் குழு என்றால் மகளிர் குழு என்று பழகிவிட்டோம். அறுபதைக் கடந்தவர்களும் தனிக் குழு அமைக்கலாம் என்றால் ஊரில் கேள்விகள் கிளம்புகின்றன.

ஆண்களும் சேரலாமா?

சேரலாம். தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் பொதுவாகப் பெண்களை மட்டுமே குழுவாக்குகிறது. முதியோர், மாற்றுத்திறனாளிகள், திருநர் குழுக்களுக்கு அதில் விலக்கு உண்டு.

சேர்ந்தால் ஓஏபி (முதியோர் உதவித்தொகை) பணம் நின்றுவிடுமா?

குழுவில் இருப்பதே தகுதியிழப்பு ஆகாது. இந்தப் பயத்தைக் கிளப்பிவிடுபவர்களை நம்ப வேண்டாம்.

கையில் காசே இல்லாதவர்கள் எதைச் சேமிப்பது?

நியாயமான கேள்வி. தமிழகத்தில் முதியோர் உதவித்தொகை 2023-ல்தான் மாதம் 1,200 ரூபாய் ஆனது. அதில் மாத்திரை, வெற்றிலை, பேரப்பிள்ளைக்குத் தின்பண்டம் போக மிஞ்சுவது சொற்பம். ஆகவே சந்தாவைக் குழுவில் ஆக ஏழையாக இருப்பவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். சேரும் பணம் உறுப்பினர்களுக்குள்ளேயே உள்கடனாகச் சுற்றும். மூக்குக் கண்ணாடிக்கோ டவுன் ஆஸ்பத்திரிச் செலவுக்கோ கந்துவட்டிக்காரரிடம் போக வேண்டியதில்லை. கட்டும் வட்டியும் குழுவுக்கே வரும். 2004 சுனாமிக்குப் பின் தமிழகக் கடலோரத்தில் ஹெல்ப்ஏஜ் இந்தியா தொண்டு நிறுவனம் முதியோர் குழுக்களை அமைத்தபோதும் சேமிப்பும் உள்கடனும்தான் அடிப்படை. என்னைக் கேட்டால், கடனைவிடக் கூட்டம்தான் பெரிது. தனியாக இருக்கும் ஒரு பாட்டி கூட்டத்துக்கு வரவில்லை என்றால், ஏன் என்று வீடு தேடிப்போக நாலு பேர் இருப்பார்கள்.

கணக்கை யார் எழுதுவது?

படித்த பேத்தி எழுதலாம். ஆனால் வரவையும் செலவையும் ஒவ்வொரு கூட்டத்திலும் உரக்கப் படித்துக்காட்ட வேண்டும்.

வங்கி கடன் தருமா?

சுய உதவிக் குழுக்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரை பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. வயதைச் சொல்லித் தயங்கும் மேலாளர்கள் இருக்கலாம். உள்கடன் ஒழுங்காகத் திரும்பிய கணக்கைக் காட்டிப் பேசுங்கள். எச்சரிக்கை ஒன்று: மகனின் பைக்குக்கும் மருமகனின் கடைக்கும் தாத்தா பெயரில் கடன் வாங்க விடாதீர்கள். அவர் கட்டத் தவறினால் பாரம் மற்றவர்கள் தலையில் விழும்.

உறுப்பினர் இறந்துவிட்டால்?

சேமிப்பு யாருக்குச் சேரும், பாக்கிக் கடனை என்ன செய்வது என்பதை முதல் கூட்டத்திலேயே தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிவிடுங்கள். அபசகுனம் என்று தள்ளிப்போட்டால் பின்னால் சண்டைதான்.

குழு தொடங்க விரும்புவோர் தங்கள் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பையோ, வட்டார இயக்க மேலாண்மை அலகையோ அணுகலாம்.