தூங்குகிற கிழங்கை எழுப்பாதீர்கள்

திருவிடந்தை நித்திய கல்யாணப் பெருமாள் கோயிலுக்குக் கல்யாணம் கைகூட வேண்டி வருகிறவர்கள் கையில் மாலையோடுதான் உள்ளே போவார்கள். சாத்திய மாலையில் ஒன்று பிரசாதமாகத் திரும்பி வரும். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது முறை சுற்றி வந்து, வீட்டில் பத்திரமாக மாட்டி வைக்க வேண்டும். கல்யாணம் ஆனதும் அந்தக் காய்ந்த மாலையோடு ஜோடியாகத் திரும்பி வர வேண்டும். காலவ ரிஷியின் 360 பெண்களை நாளுக்கு ஒருவராகப் பெருமாள் மணந்தார் என்பது தலபுராணம். ஆகவே கோயிலில் வருஷம் முழுக்கக் கல்யாணம், வாசலில் வருஷம் முழுக்க மாலை.

அப்படி ஒரு மாலைக்கடையில் சம்பங்கி கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம்தான் என் குறையைச் சொன்னேன். மாடித் தொட்டியில் ஆறு சம்பங்கிக் கிழங்கு நட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. இலை கோரைப்புல் மாதிரி தழைக்கிறது, ஒரு கதிர்கூட வரவில்லை.

"தெனம் தண்ணி ஊத்துறீங்களா சார்?"

"ரெண்டு வேளையும் ஊத்தறேம்மா."

"அப்புறம் எங்கேர்ந்து பூக்கும்? கொஞ்ச நாளு காயப் போடுங்க. அது பாட்டுக்குக் கெடக்கட்டும்."

அவர் சொன்னது பாதி சரி. மீதி தொட்டியைக் கவிழ்த்தபோது தெரிந்தது. நான் நட்ட ஆறும் நாற்பதுக்கு மேல் பெருகி, சாம்பார் வெங்காயம் அளவில் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டு கிடந்தன. சம்பங்கிக் கிழங்கு ஒன்று ஒருமுறைதான் பூக்கும். அதன் பிறகு பூக்க வேண்டியவை அதைச் சுற்றி விடுகிற பக்கக் கிழங்குகள்தான். அவற்றுக்கும் எடை சேர வேண்டும். நடவுக்கு 25, 30 கிராம் கிழங்காகப் பார்த்து எடுக்கச் சொல்வார்கள். என்னுடையவற்றைச் சமையலறைத் தராசில் போட்டால் பெரும்பாலானவை 10 கிராமைத் தாண்டவில்லை. போதாததற்கு மாதம் தவறாமல் கடலைப் புண்ணாக்கு ஊறவைத்து ஊற்றியிருந்தேன். தழைச்சத்து இலைக்குப் போயிற்று.

தேறிய எட்டுக் கிழங்கை மட்டும் எடுத்து, மண்ணை உதிர்த்து, ஒரு மாதம் நிழலில் ஆறப்போட்டேன். வயலிலும் தோண்டியெடுத்த சம்பங்கிக் கிழங்கை உடனே நடுவதில்லை. ஏன் இந்தக் காத்திருப்பு?

கிழங்கு என்பது ஒருவகைச் சேமிப்புக் கிடங்கு. மெக்சிகோவிலிருந்து வந்த சம்பங்கியானாலும் நம் வேலியோரக் காந்தளானாலும், மோசமான காலத்தை மண்ணுக்குள் ஒளிந்து கழிக்கக் கண்டுபிடித்த வழி அது. வெளியிலிருந்து பார்த்தால் செத்துக் கிடப்பதுபோல் இருக்கும். உள்ளே குருத்துக்குப் பூட்டுப் போட்டிருப்பது அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன். நாள்பட அதன் அளவு குறைய, ஜிப்பரெல்லின் என்ற இன்னொன்றின் கை ஓங்கும். மாவு சர்க்கரையாக மாறத் தொடங்கும், குருத்து அசையும். பூட்டு திறப்பதற்குள் தண்ணீர் ஊற்றினால் கிழங்கு அழுகும், அவ்வளவுதான்.

பூட்டைத் திறக்கும் சாவி எது என்பது செடியின் சொந்த ஊரைப் பொறுத்தது. டூலிப்புக்குக் குளிர். 9 டிகிரிக்குக் கீழே மூன்று மாதத்துக்குக் குறையாமல் கிடந்தால்தான் அதன் தண்டு ஒழுங்காக நீளும். ஸ்ரீநகரில் ஜபர்வான் மலையடிவாரத்தில் 2007-இல் திறந்த டூலிப் தோட்டத்துக்கு அந்தக் குளிர் இலவசமாகக் கிடைக்கிறது. நமக்கோ மார்கழி விடியலில் 20 டிகிரி என்றாலே சால்வை. வெளிநாட்டிலிருந்து டூலிப் கிழங்கு கொண்டுவந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வீட்டில் நடுகிறவர்களுக்கு ஃபிரிட்ஜ்தான் கதி. அதிலும் பக்கத்தில் ஆப்பிளோ வாழைப்பழமோ இருக்கக் கூடாது. பழம் விடும் எத்திலீன் வாயு கிழங்குக்குள் இருக்கும் பூமொட்டைக் கருக்கிவிடும். இவ்வளவு பாடுபட்டுப் பூக்கவைத்தாலும் நம் வெயிலில் நாலைந்து நாள் தாங்கினால் அதிகம். எனக்கு அந்த ஆசை இல்லை.

நம் கடற்கரையில் குளிர் கிடையாது, வறட்சி உண்டு. ஆகவே வறட்சியைச் சாவியாக வைத்திருக்கும் செடிகளைத்தான் நாம் கட்டிக்கொண்டு அழ வேண்டும். அந்தக் கூட்டத்துக்குத் தலைவி செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் முதல் பூ. கார்த்திகையில் பூப்பதால் கார்த்திகைப்பூ. கிழங்கு கலப்பை மாதிரி வளைந்திருப்பதால் கலப்பைக்கிழங்கு.

அந்தக் கிழங்கை ஒருமுறை கையில் வைத்துப் பார்க்க வேண்டும் (பார்த்தபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவவும் வேண்டும்). இரண்டு விரலை விரித்துக் காட்டுவதுபோல் கவைத்திருக்கும். வழவழப்பான பழுப்புத் தோல், உள்ளே வெள்ளை மாவு. உருளைக்கிழங்குக்கு உடம்பெல்லாம் கண். இதற்கு ஒவ்வொரு விரல் நுனியிலும் ஒரே ஒரு குருத்து, அரிசி முனைபோல. அது முறிந்தால் அந்த விரல் முளைக்காது. கிழங்கு வாங்கி நட்டு, "வரவே இல்லை" என்று சலித்துக்கொள்கிறவர்களில் பலருக்கு நடந்திருப்பது இதுதான். பையில் போட்டுக் குலுக்கிக் கொண்டுவந்திருப்பார்கள், நுனி போயிருக்கும்.

முளைத்தபின் இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகி வேலியைப் பிடித்து ஏறும். பூ பச்சையில் தொடங்கி மஞ்சளாகி, நெருப்புச் சிவப்பில் முடியும். சூலகத்தண்டு ஒரே மடக்காகப் பக்கவாட்டில் திரும்பி மகரந்தத்தை விட்டு விலகி நிற்கும். அதனால் மூலனூர், தாராபுரம் பக்கம் விதைக்காக இதைப் பயிரிடுகிறவர்கள் காலையில் பூப்பூவாகப் போய்க் கையாலேயே மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். விதையிலிருந்து எடுக்கும் கோல்சிசின் கீல்வாதத்துக்கு மருந்து. அளவு மீறினால் உயிரைக் குடிக்கும் நஞ்சு. குழந்தைகள் இருக்கும் வீட்டில் எட்டாத இடத்தில் வையுங்கள், அல்லது வைக்கவே வேண்டாம்.

பருவம் முடிந்ததும் கொடி மஞ்சளடித்துக் காயும். மண்ணுக்குள் பழைய கிழங்கு சூம்பி, அதனிடத்தில் புதுக் கவை ஒன்று உருவாகியிருக்கும். அப்போது தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். தொட்டியை மழைபடாத மூலைக்குத் தள்ளிவிட்டு மறந்துவிடுங்கள். சித்திரை வெயில் அதற்குப் பகையல்ல.

மழை லில்லியும் இதே சாதிதான். காய்ந்து கிடந்த பாத்தியில் ஒரு நல்ல மழை பெய்தால் சில நாளில் தரையெல்லாம் ரோஸ் நிறம். தினமும் ஈரமாகவே வைத்திருக்கும் தொட்டியில் அந்தத் திருவிழா நடக்காது. சித்திரை வைகாசியில் சிவப்பாக ஒலிபெருக்கிபோல் விரியும் ஹிப்பியாஸ்ட்ரம் கணக்கில் இன்னும் கறார்: ஏறக்குறைய நாலு இலைக்கு ஒரு பூந்தண்டு. அடுத்த வருஷத்து மொட்டு இந்த வருஷமே கிழங்குக்குள் உருவாகிவிடும். பூ முடிந்ததும் பச்சை இலையை அழகுக்காக வெட்டுகிறவர்கள் கையிலிருந்து கத்தரியைப் பிடுங்க வேண்டும்.

வீட்டுக்குள் வைக்கும் செடிகளின் கதை வேறு. நர்சரியில் வெள்ளைப் பூவோடு வாங்கிய பீஸ் லில்லி வீட்டுக்கு வந்தபின் பூக்கவே இல்லை என்ற புகார் எனக்கு மாதம் ஒன்றாவது வரும். குற்றம் உங்கள் மேல் மட்டும் இல்லை. வணிகத்துக்கு வளர்க்கும் பீஸ் லில்லியில் ஜிப்பரெல்லிக் அமிலம் தெளித்து ஒரே நேரத்தில் பூக்கவைப்பது வழக்கமான வேலை. ஜப்பானியர்கள் 'முட்டாள் நாற்று' என்று பெயர் வைத்த நெல் நோயை 1926-இல் ஆராய்ந்தபோது துப்புக் கிடைத்த பொருள் அது. பூஞ்சை சுரக்கும் அந்த ரசாயனத்தால் நாற்று வெடவெடவென்று உயர்ந்து சாய்ந்துவிடும். மருந்தின் வேகம் தீர்ந்த செடிக்கு நீங்கள் கொடுக்கக்கூடியது வெளிச்சம்தான். உச்சிவெயில் ஒரு லட்சம் லக்ஸ் என்றால் நம் கூடத்தின் மூலையில் சில நூறு தேறினால் பெரிது. நம் கண்ணுக்கு அது போதும், செடிக்குப் பட்டினி. ஜன்னலருகே நகர்த்துங்கள்.

டூலிப்பைக் கெடுத்த எத்திலீனே சிலருக்கு நண்பன். 19-ஆம் நூற்றாண்டில் அசோர்ஸ் தீவுகளில் கண்ணாடி வீட்டுக்குள் அன்னாசி வளர்த்தவர்கள், புகை பட்ட செடிகள் சேர்ந்தாற்போல் பூப்பதைக் கண்டார்கள். புகையில் இருந்த எத்திலீனின் வேலை. அன்னாசியின் உறவான புரோமிலியாட் உங்கள் வீட்டில் முற்றியும் பூக்காமல் நின்றால், குருத்துக்குழியில் தேங்கிய நீரைக் கொட்டிவிட்டு, கனிந்த வாழைப்பழம் ஒன்றோடு ஒரு வாரம் பிளாஸ்டிக் உறைக்குள் கட்டி வையுங்கள். வெயிலில் மட்டும் வைக்காதீர்கள், வெந்துவிடும். பூ வர மாதக்கணக்கு ஆகலாம்.

ஆறப்போட்ட எட்டுச் சம்பங்கியை ஆடியில் மணல் கலந்த மண்ணில், ஒன்றையொன்று நெருக்காமல் இடம்விட்டு நட்டேன். இலை வரும் வரை வாரம் ஒரு தண்ணீர்தான். ஐப்பசி மழைக்கு நடுவே மூன்று கதிர் எழுந்தது. ஒன்றைப் பறித்துக்கொண்டு திருவிடந்தைக்குப் போய் அந்த அம்மாவிடம் நீட்டினேன். வாங்கி முகர்ந்து பார்த்தார், விரலால் பூவை எண்ணினார்.

"நல்லாத்தான் வந்துக்குது. ஆனா அரை முழம்கூடத் தேறாதே சார்" என்றார்.