குளத்தில் நிற்பதெல்லாம் களை இல்லை

ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு. ஊத்துக்குளி ரோட்டில் கூலிபாளையம் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு நஞ்சராயன் குளத்துக் கரையில் ஏறி நின்றிருக்கிறீர்களா? பெரும்பாலும் நாம் பறவையைத்தான் பார்ப்போம். போனை ஜூம் செய்து நாரையைப் படம் எடுப்போம். நாரைக்கும் நமக்கும் நடுவில் பச்சையாக நிற்பதை மட்டும் "புதர் மண்டிக் கிடக்கு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோம். இந்தக் கட்டுரை அந்தப் பச்சையைப் பற்றியது.

நஞ்சராயன் குளம் மாநிலத்தின் 17-ஆவது பறவைகள் சரணாலயம். பரப்பு 125.865 ஹெக்டேர், அதாவது சுமார் 311 ஏக்கர். 1971-இல் ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் கையெழுத்தான ஈரநில ஒப்பந்தத்தின் பட்டியலில் 2024 ஆகஸ்டில் இதுவும் சேர்ந்தது. அப்போது வெளியான விவரத்தில் 191 வகைப் பறவைகள், 87 வகைப் பட்டாம்பூச்சிகள் என்று இருந்தது. கூடவே 77 வகைத் தாவரங்கள் என்றும் இருந்தது. எனக்குப் பிடித்த எண் அந்த 77 தான். அது சரியாக இருந்தால்தான் மற்ற இரண்டும் நிற்கும்.

நம்ம பக்கத்துக் குளம் எதை எடுத்துக்கொண்டாலும் செடிகள் கண்டபடி முளைப்பதில்லை. ஆழமான இடத்தில் தண்ணீருக்குள்ளேயே வேலம்பாசி கிடக்கும். கொஞ்சம் ஆழம் குறைந்தால் அல்லி, தாமரை. இலைக்கோழி நடப்பது இந்த இலைகள் மேல்தான். இடுப்பளவு, முழங்கால் அளவுத் தண்ணீரில் சம்பு. கம்பளிச் சுருட்டு போலப் பழுப்பாக நிற்குமே, அதுதான். அப்புறம் கோரை. தண்ணீர் ஏறி இறங்கும் ஓரத்தில் நீர்முள்ளி, பொன்னாங்கண்ணி, வல்லாரை. அதற்கும் மேலே நாட்டுக் கருவேலம். மாதக்கணக்கில் காலை நனைத்துக்கொண்டு நிற்கக்கூடிய மரம். கரை மேட்டில் பனை, வேம்பு, புங்கன். ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு நீர்மட்டம்.

இந்தக் கணக்கு நம்மூரில் மட்டும் இல்லை. பிச்சாவரத்தில் சுரபுன்னை ஓரிடம், தில்லை ஓரிடம் என்று பிரிந்து நிற்க அலையும் உப்பும் காரணம். அமெரிக்காவின் தென்கிழக்குக் கடலோரத்தில் ஈரநிலப் பைன் காடுகள் உண்டு. அங்கே தரை ஒரு சாண் தாழ்ந்தாலே மரங்களுக்குக் கீழே இருக்கும் செடிக் கூட்டம் மாறிவிடும். பூச்சியைப் பிடித்துத் தின்னும் குடுவைச் செடிகள்கூட அங்கே வளர்கின்றன. எந்தச் செடி எங்கே என்பதைத் தண்ணீர்தான் முடிவு பண்ணுகிறது. அதனால் செடியைப் பார்த்தே தண்ணீரின் நிலையைச் சொல்லிவிடலாம்.

இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு தப்பு தேவைப்பட்டது. கல்லூரியில் படித்தபோது ஒரு குளத்தைச் சுத்தம் செய்யப் போனோம். நாற்பது பேர். மதியத்துக்குள் ஓரத்துச் சம்பு முழுவதையும் அரிவாளால் அறுத்து, கரையில் குவித்து, முன்னால் நின்று குரூப் போட்டோ எடுத்தோம். குவியலைப் புரட்டியபோதுதான் தாழைக்கோழிக் கூடு ஒன்று, உடைந்த முட்டைகளோடு. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "பிளாஸ்டிக்கை விட்டுப்போட்டு வீட்டைப் பிரிச்சிருக்கறீங்களே கண்ணு" என்றார். பாலிதீன் பைகள் உண்மையிலேயே அங்கேயே கிடந்தன.

அப்படியென்றால் எதையுமே தொடக்கூடாதா? அப்படி இல்லை. சம்பு ஓரத்தில் ஒரு பட்டையாக நின்றால் அது கூடு, அது வடிகட்டி. குளத்தின் நடுவுக்கே வந்துவிட்டால், வண்டல் ஏறிக் குளம் மேடாகிறது என்று அர்த்தம். வெறும் அறுவடையால் அது தீராது, கிழங்கிலிருந்து திரும்பத் துளிர்க்கும். ஆகாயத்தாமரை வேறு ரகம். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இது, சாக்கடைச் சத்து கிடைத்தால் இரண்டு வாரத்தில்கூட இரட்டிப்பாகும். தண்ணீருக்குள் வெளிச்சம் போகாமல் மூடும். வேலம்பாசி சாகும், மீனுக்கு மூச்சு முட்டும். இதைக் கண்டிப்பாக எடுக்க வேண்டும். ஆனால் கழிவுநீர் வரும் வழியை அடைக்காமல் எடுத்தால் அடுத்த வருஷமும் அதே வேலைதான்.

பலரும் குழம்புவது கருவேலத்தில். நாட்டு மரத்தில் பூ மஞ்சள் உருண்டை. காய் மணிமணியாகக் கோத்த மாலை மாதிரி இருக்கும். சீமைக்கருவேலத்தில் பூ நீளக் கதிர்; காய் நீண்டு பீன்ஸ் போலத் தொங்கும். நீர்க்காகமும் வக்காவும் கூடு கட்டும் நாட்டு மரத்தை, சீமை என்று நினைத்து வெட்டிவிடக் கூடாது. செடியை அடையாளம் காட்டும் செயலிகள் போனில் நிறைய இருக்கின்றன. இலையை மட்டும் எடுக்காமல் பூவையும் காயையும் சேர்த்துப் படம் எடுங்கள். இல்லையென்றால் செயலியும் உளறும்.

திருப்பூர்க்காரர்களுக்கு இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும்: உப்பு. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு போடுகிறோம். அந்த உப்பு மண்ணில் மக்காது. நொய்யலில் 1992-இல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாக மாறிய கதையும், 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் இங்கே எந்த வீட்டிலும் புதுச் செய்தி இல்லை. உப்பு ஏறினால் மென்மையான செடிகள் முதலில் போகும், உப்பைத் தாங்கும் சீமைக்கருவேலம் தங்கிவிடும். ஓரத்துப் பொன்னாங்கண்ணி திடீரென்று காணாமல் போனால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள்.

சரி, உங்கள் ஊர்க் குளத்துக்கு என்ன செய்யலாம்? முதலில் எல்லையைப் பாருங்கள். தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் 'அ' பதிவேட்டு விவரம் வரும்; அரசுப் புறம்போக்கு நிலமா என்றும் பார்க்கலாம். கட்டணம் இல்லை. கழிவுநீர் கலக்கிறது, ஆக்கிரமிப்பு நடக்கிறது என்றால் 1100-க்கு அழைத்து 'முதல்வரின் முகவரி' துறையில் மனு பதிவு செய்யலாம். "குளம் அசுத்தம்" என்று எழுதாதீர்கள். எந்தக் கரை, எந்த வாய்க்கால், எத்தனை நாளாக, ஆகாயத்தாமரையா சம்புவா என்று எழுதுங்கள். மனு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நஞ்சராயன் குளம் சரணாலயம் என்பதால் அங்கே நிலைமை வேறு. தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி இல்லாமல் அங்கே செடியை வெட்டவோ எடுத்துப்போகவோ சட்டத்தில் இடமில்லை, நல்ல எண்ணத்தோடு செய்தாலும்கூட. குழுவாகச் சேர்ந்து சுத்தம் செய்ய நினைத்தால் வனத்துறையிடம் முதலில் பேசுங்கள். அவர்கள் தேதி கொடுத்தால் அரிவாளை வீட்டிலேயே வைத்துவிட்டு, சாக்குப்பையும் கையுறையும் எடுத்துப்போங்கள். பாலிதீன் பொறுக்க அது போதும்.