கோடு விழாமல் மானிட்டரைத் துடைப்பது எப்படி?

தேனி, கம்பம் பக்கம் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "தினமும் மானிட்டரைத் துடைக்கிறேன். ஆனாலும் திரையில் மெல்லிய கோடுகள் தெரிகின்றனவே, ஏன்?" தினமும் துடைப்பதுதான் காரணம் என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

எங்கள் பள்ளத்தாக்கில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று பலமாக வீசும். ஆண்டிபட்டி பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பது இந்தக் காற்றை நம்பித்தான். அதே காற்று மண்ணையும் அள்ளி வந்து நம் கம்ப்யூட்டர் மேஜையில் போட்டுவிடுகிறது.

மணலில் குவார்ட்ஸ் துகள்கள் உண்டு. கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7. சாதாரணக் கண்ணாடிக்குச் சுமார் 5.5. பழைய சி.ஆர்.டி. மானிட்டரின் முகப்பாவது கண்ணாடி. இன்றைய எல்.சி.டி. மானிட்டர்கள் பலவற்றில் வெளிப்புறம் இருப்பது பிளாஸ்டிக் படலம். அதன் மேல் மண் இருக்கும்போது உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால், உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான்.

கார் கழுவத் தெரிந்தவர்கள் எடுத்த எடுப்பில் துணியால் தேய்ப்பதில்லை. முதலில் தண்ணீர் அடித்து மண்ணைப் போக்குவார்கள். பெயின்ட்டில் கோடு விழாமல் இருக்க அதுதான் வழி. மானிட்டர் மேல் தண்ணீர் அடிக்க முடியாது. அந்த வேலையை இங்கே காற்று செய்ய வேண்டும்.

1. மானிட்டரை அணைத்து, பவர் கார்டைக் கழற்றி, சூடு ஆறவிடுங்கள். லேப்டாப் என்றால் ஷட் டவுன் செய்து அடாப்டரை எடுத்துவிடுங்கள். கறுப்புத் திரையில் தூசி நன்றாகத் தெரியும்.

2. கேமரா லென்ஸுக்காக விற்கும் ரப்பர் புளோயரால் மேலிருந்து கீழாகக் காற்றடியுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்.

3. சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் துடையுங்கள். பெரும்பாலும் இதுவே போதும்.

4. கைரேகை, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் துணியை டிஸ்டில்டு வாட்டரில் லேசாக நனைத்துப் பிழிந்து துடையுங்கள். உப்பு அதிகமுள்ள போர் தண்ணீர் காய்ந்ததும் வெள்ளைத் திட்டு விடும். எந்தத் திரவத்தையும் திரையில் நேராகத் தெளிக்காதீர்கள். ஓரமாக வழிந்து உள்ளே சர்க்யூட்டுக்குப் போய்விடும்.

5. திரை முழுவதும் காய்ந்த பிறகே சுவிட்சைப் போடுங்கள்.

அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர், நெயில் பாலிஷ் ரிமூவர், பழைய செய்தித்தாள், டிஷ்யூ பேப்பர் எதுவும் வேண்டாம். முகம் பார்க்கும் கண்ணாடிக்குத் திருநீறு போட்டுத் துடைப்பது நம் வீடுகளில் வழக்கம். அதை மானிட்டரில் செய்ய வேண்டாம். துணி தரையில் விழுந்துவிட்டால் துவைக்காமல் திரையில் வைக்காதீர்கள். துவைக்கும்போது கண்டிஷனர் சேர்த்தால் துணியில் பிசுக்கு தங்கும்.

கோடு விழுந்த பிறகு டூத் பேஸ்ட் தடவிப் பார்ப்பவர்களும் உண்டு. அது திரையின் மேல்பூச்சை இன்னும் தேய்த்துவிடும். பிளாஸ்டிக் படலத்தில் விழுந்த கோடு போகாது. பேனலையே மாற்றுவதென்றால் புது மானிட்டர் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

எனவே காற்றுக் காலத்தில் வேலை முடிந்ததும் மானிட்டர் சூடு ஆறிய பிறகு உறை போட்டு மூடிவிடுங்கள். அப்படி மூடி வைத்தால் வாரம் ஒரு முறை துடைத்தாலே போதும்.